கீ-பாவ்றோ மண்டபத்தில் திறந்த கோப்புகள்: கனடாவின் அனுசரணை ஊழலும் பத்திரிகையின் பணியும்

(மொன்றியல் டவுன்டவுனில் பெற்றோரும் இளையோரும் கூடிய மாலைச் சந்திப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மொன்றியல் டவுன்டவுனில், சீனர் தெருவை ஒட்டி, றெனே லெவெக் பெருவீதியில் கீ-பாவ்றோ என்னும் அரசாங்கக் கட்டடத் தொகுதி இருக்கின்றது. இந்த அவையிலுள்ள பெற்றோரிற் பலருக்கு அக்கட்டடத்தை அறிமுகம் செய்யவேண்டிய தேவையில்லை. குடிவரவு அகதிகள் சபையின் விசாரணைக்குச் சென்றவர்கள் அதன் கதவுகளை நன்கறிவர். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க, சத்தியம் செய்து, "படிவத்தில் எழுதிய திகதிக்கும் இன்று சொல்லும் திகதிக்கும் ஏன் வேறுபாடு?" என்னும் கேள்விக்கு வியர்வையுடன் விடை தேடிய நாட்களை எவரும் எளிதில் மறந்துவிடுவதில்லை.

2005ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதி முதல் கோடைத் தொடக்கம் வரை அதே தொகுதியில் வேறொரு விசாரணை நடைபெற்றது. இம்முறை சத்தியம் செய்தவர்கள் அகதிகள் அல்லர். பிரதமரின் கட்சி அமைப்பாளர்களும், கோடிக்கணக்கில் அரச ஒப்பந்தங்களைப் பெற்ற விளம்பர நிறுவன அதிபர்களும், ஓய்வுபெற்ற உயரதிகாரிகளும் வந்து அமர்ந்தனர். "நினைவில்லை" என்னும் விடை அம்மண்டபத்தில் மீண்டும் மீண்டும் ஒலித்தது. அகதிக் கோரிக்கையாளர் ஒருவர் அத்தனை தடவை நினைவில்லை என்று கூறியிருப்பின், அவரது கோரிக்கை அன்றே நிராகரிக்கப்பட்டிருக்கும்.

அந்த விசாரணையே நீதிபதி ஜோன் கொமரியின் ஆணைக்குழு. விசாரிக்கப்பட்டது 'அனுசரணை ஊழல்'. கனடாவில் சனாதிபதி இல்லை. பிரதமரே ஆட்சித் தலைவர். ஆயினும், ஆட்சித் தலைமையை ஒட்டி எழுந்த முறைகேடு, அதை மறைக்க எடுக்கப்பட்ட முயற்சி, அதைத் தோண்டி எடுத்த பத்திரிகை என்ற வகையில், அமெரிக்காவின் வாட்டர்கேட்டுடன் ஒப்பிடத்தக்க நிகழ்வு இந்த நகரத்திலேயே நடந்தது. இங்கு பிறந்து வளரும் பிள்ளைகளிற் பலர் நிக்சனின் பெயரை அறிந்திருக்கின்றனர். கொமரியின் பெயரை அறியவில்லை.

கதையின் தொடக்கம் 1995 ஒக்டோபர் 30. கியூபெக் பிரிந்து செல்வதா என்ற வாக்கெடுப்பில், வேண்டாம் என்றோர் 50.58 வீதம், வேண்டும் என்றோர் 49.42 வீதம். வித்தியாசம் 54,288 வாக்குகள். அன்றிரவு மாகாண முதல்வர் ஜாக் பரிசோ, தோல்விக்குப் பணமும் இனக்குழு வாக்குகளுமே காரணம் என்று மேடையில் கூறியது புதிதாக வந்திருந்த குடியேறியோரின் நெஞ்சிற் தைத்தது. ஒட்டாவாவில் பிரதமர் ஜான் கிறெத்தியனின் அரசு வேறொரு முடிவுக்கு வந்தது. கியூபெக் மக்களின் கண்ணில் கனடா படவேண்டும். விழாக்களிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் கனடாவின் கொடியும் இலச்சினையும் தெரியவேண்டும். அதற்காக அரசு அனுசரணை வழங்கவேண்டும். நோக்கத்திற் குற்றம் காண்பது கடினம். குற்றம் பணம் சென்ற வழியில் இருந்தது.

அனுசரணை என்றால் என்னவென்பது நம்மவர்க்குத் தெரிந்ததே. கலைவிழா மலருக்கு ஒரு நகைக்கடை முந்நூறு டொலர் கொடுக்கும். பின் அட்டையில் அதன் விளம்பரம் வரும். காசோலை கடையிலிருந்து நேரே விழாக் குழுவின் கைக்குச் செல்லும். ஒட்டாவா அரசோ காசோலையை நேரே கொடுக்கவில்லை. இடையில் விளம்பர நிறுவனம் ஒன்று நின்றது. அதற்கு நூற்றுக்குப் பன்னிரண்டு தரகு. காசோலையைக் கைமாற்றிவிட்ட இன்னொரு நிறுவனத்துக்கு நூற்றுக்கு மூன்று. அதற்கு மேல் 'தயாரிப்புச் செலவு' என்று தனிப் பற்றுச்சீட்டுகள். கனடாவின் மத்திய பொலிஸ் படை தனது 125ஆவது ஆண்டு நிறைவைக் கொண்டாடுவதற்கென 3 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. பொலிஸ் படையிடம் போய்ச் சேர்ந்தது 1.7 மில்லியன், மீதி 1.3 மில்லியன் இடைநின்ற நிறுவனங்களுக்கு. அரசின் ஒரு கையிலிருந்து மறுகைக்குப் பணம் செல்வதற்கு எதற்காகத் தரகர் என்ற கேள்வியை அந்நாளில் எவரும் உரத்துக் கேட்கவில்லை. அந்நிறுவனங்களிற் சில, ஆளும் லிபரல் கட்சியின் கியூபெக் கிளைக்குத் திருப்பிப் பணம் கொடுத்தன என்பது பின்னாளில் வெளிவந்தது.

உள்ளே ஒருவர் மட்டும் கேட்டார். பொதுப்பணி அமைச்சிற் கொள்வனவு அலுவலராக இருந்த அலன் கட்லர், விதிமுறைகள் மீறப்படுவதை 1996இலேயே எழுத்தில் முறையிட்டார். உள்ளகக் கணக்காய்வு ஒன்றும் நடந்தது. அதன் பலன், முறையிட்டவர் ஓரங்கட்டப்பட்டதும், திட்டத்தை நடத்திய சக் கிற்றே பதவி உயர்வு பெற்றதுமே. கட்லர் கூறியதை நாடு கேட்பதற்கு எட்டு ஆண்டுகள் சென்றன.

மூடிமறைத்தல் என்றவுடன் ஆவணங்களைத் தீயிலிடுவதும் ஒலிநாடாக்களை அழிப்பதுமே நினைவுக்கு வரும். இங்கு நடந்தது அதிலும் நுட்பமானது, எழுதாமல் விடப்பட்டது. பிரிவினை ஆதரவாளர்களுக்கு வியூகம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் கோப்புகளில் ஆகக் குறைந்த தகவலே வைக்கப்பட்டது என்று கிற்றே பின்னர் கூறினார். தகவல் கோரும் சட்டத்தின்கீழ் யாராவது கேட்டால் கொடுப்பதற்கு எதுவும் இராது. கணினித் துறையில் இருப்போர்க்கு இது விளங்கும்: பதிவை அழித்தால் அழித்த தடம் மிஞ்சும், பதிவே எழுதப்படாதபோது தேடுவதற்குக்கூட ஒரு முனை கிடைப்பதில்லை.

அந்த முனையைக் கண்டெடுத்தவர் குளோப் அன்ட் மெயில் நாளிதழின் ஒட்டாவாச் செய்தியாளர் டானியல் லெபிளாங். அவரும் சக செய்தியாளர் கம்பல் கிளார்க்கும் தகவல் கோரும் படிவங்களை நிரப்பி அனுப்பிக்கொண்டேயிருந்தனர். இப்பணியில் வீரசாகசம் எதுவுமில்லை. படிவம், காத்திருப்பு, கறுப்பு மையால் மறைக்கப்பட்ட பக்கங்கள், மீண்டும் படிவம். 2002 மார்ச்சில் ஒரு கேள்வி இலக்கைத் தைத்தது. மொன்றியலின் குறூப் அக்சியோன் நிறுவனம் எழுதியதாகக் கூறப்பட்ட ஓர் அறிக்கைக்கு ஏறத்தாழ 550,000 டொலர் கொடுக்கப்பட்டிருந்தது. அவ்வறிக்கையைக் காட்டுங்கள் என்று பத்திரிகை கேட்டபோது அமைச்சால் காட்ட முடியவில்லை. தேடிக் கிடைத்ததாக ஒரு பிரதி வந்தபோது, அது அதே நிறுவனம் வேறொரு கட்டணத்துக்குக் கொடுத்த இன்னோர் அறிக்கையை அச்சொட்டாக ஒத்திருந்தது. ஒரே பாடக்குறிப்பை இரு ஆசிரியர்களிடம் சமர்ப்பித்த மாணவனைப் பள்ளி என்ன செய்யும் என்று இளையோர் அறிவர். இங்கு அம்மாணவனுக்கு இரு தடவையும் முழுப் புள்ளி கிடைத்திருந்தது.

அமைச்சர் வேறு வழியின்றிக் கணக்காய்வாளர் நாயகம் ஷீலா பிறேசரிடம் விடயத்தை ஒப்படைத்தார். மொத்தம் 1.6 மில்லியன் டொலர் பெறுமதியான மூன்று ஒப்பந்தங்களை ஆராய்ந்த அவர், அதிகாரிகள் புத்தகத்திலுள்ள ஏறத்தாழ எல்லா விதிகளையும் மீறியிருந்ததாக 2002 மே மாதம் கூறினார். விடயம் பொலிஸாரிடம் சென்றது. முழுத் திட்டத்தையும் பற்றிய அவரது அறிக்கை 2004 பெப்ரவரி 10ஆம் நாள் வெளியானது: 250 மில்லியன் டொலர் செலவு, அதில் 100 மில்லியனுக்கு மேல் விளம்பர நிறுவனங்களுக்குத் தரகும் கட்டணமுமாக. அதே நாளில், கிறெத்தியனின் பின் பதவியேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த பிரதமர் போல் மாட்டின் விசாரணை ஆணைக்குழுவை அறிவித்தார்.

லெபிளாங்கின் கையில் படிவங்கள் மட்டும் இருக்கவில்லை. எங்கே கேட்கவேண்டும், எதைக் கேட்கவேண்டும் என்பதை அறிந்த ஒருவர் அவருக்கு உதவினார். பெயர் வெளியிடப்படாது என்ற வாக்குறுதியின் பேரிலேயே அவர் பேசினார். அவருக்கு இடப்பட்ட புனைபெயர் 'மாஷுவெத்'. பிரெஞ்சில் ஆந்தை என்று பொருள்படும். அன்பானவரைச் செல்லமாக விளிக்கும் சொல்லும் அதுவே. வாட்டர்கேட்டிலும் இவ்வாறு ஒருவர் இருந்தார். 1972இல் வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர்கள் இருவருக்கு இரகசியமாக வழிகாட்டியவர் அமெரிக்க மத்திய புலனாய்வுப் பணியகத்தின் இரண்டாம் நிலைத் தலைவர் மார்க் பெல்ற் என்பது 2005 மே 31ஆம் நாளே உலகுக்குத் தெரிந்தது. அப்போது மொன்றியலில் கொமரியின் அமர்வுகள் இறுதிக்கட்டத்தில் இருந்தன. முப்பத்து மூன்று ஆண்டுகள் அச்செய்தியாளர்கள் வாய் திறக்கவில்லை. பெயர் வெளிவந்ததும் அவரது குடும்பத்தின் வழியாகவே.

தகவல் தருவோர் எல்லோரும் உத்தமர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். பணியகத்தின் தலைமைப் பதவி தனக்குக் கிடைக்காத மனக்குறை பெல்ற்றுக்கு இருந்தது. இந்த நகரத்திலேயே, 1873இல், பசுபிக் இரயில்பாதை ஊழல் வெளிவந்தது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து களவாகப் பிரதி எடுக்கப்பட்ட கடிதங்களாலேயே. மொன்றியலின் கப்பல் அதிபர் ஹியூ அலன், இரயில்பாதை ஒப்பந்தத்தை எதிர்நோக்கி, பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்டின் தேர்தற் செலவுக்கு மூன்று இலட்சம் டொலருக்கு மேல் அள்ளிக் கொடுத்திருந்தார். இன்னும் பத்தாயிரம் வேண்டும், இதுவே கடைசித் தடவை என்று மக்டொனால்ட் அனுப்பிய தந்தியை மொன்றியல் ஹெரால்டும் ரொறன்ரோ குளோப்பும் அச்சிட்டன. 1873 நவம்பர் 5ஆம் நாள் அவர் பதவி விலகினார். பிரதி எடுத்த எழுதுவினைஞன் அதை விற்றவன். அவனைப் புகழ எவருக்கும் மனம் வராது. தந்தி பொய்யாகிவிடவும் இல்லை. பிளாஸ் டு கனடா சதுக்கத்தில் நின்ற மக்டொனால்டின் சிலை 2020 ஓகஸ்டில் வேறு காரணங்களுக்காக ஆர்ப்பாட்டக்காரர்களால் வீழ்த்தப்பட்டது. 1995 வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்னர், ஒன்றுபட்ட கனடாவுக்காகப் பெருங்கூட்டம் கூடியதும் அதே சதுக்கத்தில்தான்.

மீண்டும் கீ-பாவ்றோ மண்டபத்துக்கு வருவோம். 2005 மார்ச் இறுதியில் குறூப் அக்சியோன் தலைவர் ஜான் புறோ சாட்சியமளிக்கத் தொடங்கியபோது விசித்திரமான நிலை ஏற்பட்டது. அவர்மீது குற்றவியல் வழக்கு நிலுவையில் இருந்தமையால், யூரிகளின் மனத்திற் பாதிப்பு ஏற்படாதவாறு சாட்சியத்தைப் பிரசுரிக்க நீதிபதி தடை விதித்தார். மண்டபத்துக்குள் சென்று அமர்ந்தவர் எல்லாவற்றையும் கேட்கலாம். வெளியே வந்து அச்சிட முடியாது. கட்சிக்காகப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்ததையும், ஓர் இத்தாலிய உணவகத்தில் கடித உறையிற் பணம் கைமாறியதையும் புறோ கூறிக்கொண்டிருந்தார். சில நாட்களில் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த ஒருவர் அச்சாட்சியத்தின் சாரத்தை இணையத்தில் வெளியிட்டார். கனடா முழுவதும் அதைத் தேடிப் படித்தது. ஏப்ரல் 7ஆம் நாள் தடையின் பெரும்பகுதி நீக்கப்பட்டது.

ஆணைக்குழுவின் முதல் அறிக்கை 2005 நவம்பர் 1இல் வந்தது. செலவு 332 மில்லியன் டொலர். அதில் 147 மில்லியன் கட்டணமும் தரகும். அதே மாதம் 28ஆம் நாள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 171க்கு 133 என்ற வாக்குகளால் அரசு வீழ்ந்தது; 2006 சனவரித் தேர்தலில் பன்னிரண்டு ஆண்டு லிபரல் ஆட்சி முடிவடைந்தது. கிற்றேக்கு 42 மாதமும் புறோவுக்கு 30 மாதமும் சிறை. கிறெத்தியனின் நீண்டகால நண்பர் ஜாக் கொறிவோவுக்கு 2017 சனவரியிலேயே நான்கு ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. ஊழல் நடந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கிறெத்தியன் பணம் பெற்றார் என்று ஆணைக்குழு கூறவில்லை. தகுந்த கண்காணிப்பை வைக்கத் தவறினார் என்றே கூறியது. அதையும் 2008இல் மத்திய நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2010இல் மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நிலைத்தது. காரணம் சற்று வேடிக்கையானது. விசாரணை முடியுமுன்பே கொமரி செய்தியாளர்களுக்குப் பேட்டியளித்தார். கிறெத்தியனின் பெயர் பொறித்த கோல்ஃப் பந்துகளுக்கு அரச பணம் செலவிடப்பட்டதைச் சிற்றூர்த்தனமான மலிவு என்ற பொருளில் இகழ்ந்தார். அச்சொற்கள் நடுநிலை குறித்த ஐயத்தைத் தோற்றுவித்தன என்பதே தீர்ப்பு. பத்திரிகையால் திறக்கப்பட்ட வழக்கில், ஒலிவாங்கியின் முன் நாவடங்காத நீதிபதியால் ஒரு பகுதி கைநழுவிப் போயிற்று. செய்தியாளரின் வேலையும் நீதிபதியின் வேலையும் வேறு வேறு. கொமரி அதை மறந்த இடம் இது.

இதற்குள் மாஷுவெத்தைத் தேடும் படலம் தொடங்கியிருந்தது. அரசு தான் இழந்த பணத்தை மீட்க விளம்பர நிறுவனங்கள்மீது வழக்குத் தொடர்ந்தது. அவற்றுள் ஒன்றான குறூப் பொலிகோனிடம் 35 மில்லியன் டொலருக்கு மேல் கோரப்பட்டது. பொலிகோன் ஒரு கெட்டிக்கார வாதத்தை முன்வைத்தது: முறைகேட்டை அரசு முன்னரே அறிந்திருந்தால் வழக்குத் தொடரும் காலக்கெடு கடந்துவிட்டது, அதை நிறுவுவதற்குச் செய்தியாளரிடம் பேசியவர் யார், எப்போது பேசினார் என்று தெரியவேண்டும். மொன்றியல் நீதிமன்றத்தில் லெபிளாங்கிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. விடையளிக்க வேண்டாம் என்ற பத்திரிகையின் ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

2010 ஒக்டோபர் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. செய்தியாளருக்குத் தகவல் மூலத்தைக் காக்கும் முழுமையான உரிமை அரசியலமைப்பில் இல்லை; ஆனால் ஒவ்வொரு வழக்கிலும், பெயரை அறிவதால் விளையும் நன்மை பெரிதா, வாக்குறுதியைக் காப்பதால் பொதுமக்களுக்கு விளையும் நன்மை பெரிதா என்று நீதிபதி நிறுத்துப் பார்க்கவேண்டும். அவ்வாறு நிறுக்காமல் லெபிளாங்கைப் பேச வைக்க இயலாது. அரைப் பாதுகாப்பு என்று சிலர் குறைகூறினர். அக்குறையில் உண்மை உண்டு. நிறுக்கும் சுமை செய்தியாளரின் தோளிலேயே இருந்தது.

அச்சுமை மாறியதும் மொன்றியலில் நடந்த ஒன்றால்தான். லா பிறெஸ் நாளிதழின் பத்தி எழுத்தாளர் பற்றிக் லகாசேயின் கைத்தொலைபேசியை மொன்றியல் பொலிஸார் 24 ஆணைகள் பெற்றுக் கண்காணித்து வந்தமை 2016 ஒக்டோபர் இறுதியில் வெளிவந்தது. அவர் குற்றம் எதுவும் செய்தவர் அல்லர். தம் ஆட்களுள் எவர் அவரிடம் பேசுகின்றார் என்று அறிவதே பொலிஸாரின் நோக்கம். எழுந்த கொந்தளிப்பில், 2017 ஒக்டோபரில் செய்தி மூலங்களைக் காக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இப்போது பெயரைக் கேட்பவரே தமது தேவையை நிறுவவேண்டும், செய்தியாளர் அல்ல.

இந்த அவையில் அமர்ந்திருப்போர் இவற்றைக் கேட்கையில் மனம் வேறொரு 2005க்குச் செல்வதைத் தடுக்க இயலாது. கீ-பாவ்றோவில் புறோவின் சாட்சியம் அச்சேறிய அதே ஏப்ரலில், 28ஆம் நாள், தராக்கி சிவராம் கொழும்பில் கடத்தப்பட்டார். மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகே அவரது உடல் கிடந்தது. அவ்வாண்டு ஜூலையில் சண்டே லீடர் பத்திரிகை, ஆழிப்பேரலை நிவாரண நிதியில் 82 மில்லியன் ரூபாய் அம்பாந்தோட்டைக்கு உதவி என்ற பெயரிலான தனிக் கணக்குக்கு மாற்றப்பட்டதை வெளியிட்டது. அப்போதைய பிரதமர் மகிந்த ராஜபக்ச சனாதிபதித் தேர்தலில் நிற்கவிருந்தார். பொலிஸ் விசாரணை தொடங்கிற்று. இலங்கையின் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திற்று. நவம்பரில் அவர் சனாதிபதியானார். அத்தீர்ப்பில் இருந்த பிரதம நீதியரசர் சரத் என். சில்வா பல ஆண்டுகளின் பின் அதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். சண்டே லீடரின் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 சனவரி 8ஆம் நாள் பட்டப்பகலில் வீதியிற் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தில் 2000 ஒக்டோபரில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட நிமலராஜன் தொடக்கம் இம்மூவர் கொலைக்கும் எவரும் தண்டிக்கப்படவில்லை.

"பேசாமல் இரு, பேப்பர்காரரோடு சேராதே" என்று பிள்ளைகளை அடக்கும் பெற்றோரின் அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை இளையோர் இதிலிருந்து அறியலாம். அது கோழைத்தனம் அன்று, கண்ட பாடம். ஆனால் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று மூன்றே வாசல்களைத் திறந்து வைத்து, இதழியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையிடம் "அதற்கா இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தோம்?" என்று கேட்கும்போது, அந்த அச்சமும் கடல் தாண்டி வந்துவிடுகின்றது. லெபிளாங்குக்கும் லகாசேக்கும் இந்த நாட்டில் நேர்ந்தவை நீதிமன்ற அழைப்பும் தொலைபேசிக் கண்காணிப்பும். அவையும் தவறே, எனினும் இருவரும் தொடர்ந்து எழுதினர்.

இளையோருக்கு ஒரு நடைமுறைத் தகவல். லெபிளாங் பயன்படுத்திய படிவம் செய்தியாளருக்கு மட்டும் உரியதன்று. 1983 முதல் நடைமுறையில் உள்ள தகவல் கோரும் சட்டத்தின்கீழ், ஐந்து டொலர் கட்டணத்துடன், மத்திய அரசின் ஆவணத்தைக் குடிமகனும் நிரந்தர வதிவாளரும் கேட்கலாம். முப்பது நாளில் விடை என்பது சட்டம். அரசு கால நீடிப்பு எடுத்துக்கொள்வது வழமை. 'நிதி ஒதுக்கீடு பற்றிய எல்லாத் தகவலும்' என்று கேட்டால் பல மாதம் காத்திருந்து கறுப்பு மை பூசிய பக்கங்களையே பெற நேரும். இன்ன திகதிக்கும் இன்ன திகதிக்கும் இடையில், இன்ன ஒப்பந்தத்தின்கீழ் பெறப்பட்ட அறிக்கையின் பிரதி என்று கேட்கவேண்டும். 550,000 டொலர் அறிக்கை இல்லை என்பது அவ்வாறு குறிப்பாகக் கேட்டதால்தான் தெரிந்தது.

டானியல் லெபிளாங் இந்த ஊழல் பற்றி 2006இல் பிரெஞ்சில் ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பில் மாஷுவெத் என்னும் புனைபெயர் இருக்கின்றது. நான்கு ஆண்டுகளின் பின் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் அந்தப் பெயரே காணப்படுகின்றது.